நீல அட்டை நோட்டுகள்

"ஒரு வருஷமா ஒரு தப்பைக்கூடத் திருத்தலை. ஆனா திருத்தின நோட்டைவிடத் திருத்தாத நோட்டுதான் நன்னா இருக்குங்கறே. இதை நான் எங்கே போய்ச் சொல்றது, தேவானை?"

பிரின்சிபால் அபயாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பாதி சம்மதித்துவிட்டார் என்று மயிலாப்பூரின் அந்தப் பெண்கள் கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும்.

"நான் சொல்லலைங்கம்மா. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சொல்றார். பேரையெல்லாம் மறைச்சுத்தானே அவர்கிட்டே கொடுத்தோம்" என்றாள் தேவானை.

தமிழ் வியாசம் கற்பிக்க ஒரு வருஷத் தற்காலிக வேலையில் வந்தவள் அவள். சிவப்பு மையால் திருத்தித் திருத்திப் பெண்கள் எழுதக் கற்கிறார்களா, பயப்படக் கற்கிறார்களா என்று அவளுக்கு நெடுநாளாகச் சந்தேகம். இன்டர்மீடியட் வகுப்பின் நாற்பது பெண்களையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். இருபது பேருக்கு மஞ்சள் அட்டை நோட்டு. அதை வரிக்கு வரி திருத்தி, வகுப்பிலேயே தன் கையால் கொடுப்பாள். மற்ற இருபது பேருக்கு நீல அட்டை. படித்துவிட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நேரில் கொடுத்தால் வாய் சும்மா இருக்காது, ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து, அந்தக் கட்டைப் பியூன் மெஹபூப் பாஷாவிடம் கொடுத்தனுப்பிவிடுவாள். வண்டிக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு அவர் போர்ட்டிகோவில் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் மாதத்திலேயே அதிசயம் தெரிந்தது. அவள் கையெழுத்துப் போட்டனுப்பிய பக்கத்தை அடித்துவிட்டு, கீழே வேறு மாதிரி எழுதியிருந்தார்கள் நீல அட்டைப் பெண்கள். 'மழை' என்ற வியாசத்தில் ஹமீதுன்னிசா என்ற பெண், 'வானமங்கை கருநிறப் பட்டாடை உடுத்தி' என்று ஆரம்பித்திருந்தாள். அடுத்த வாரம் அதன்மேல் ஒரு கோடு. கீழே, 'மழை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் கோழிக்கூட்டைத் தூக்கி உள்ளே வைப்போம்' என்று இருந்தது. தேவானை அந்த வரியை மூன்று தடவை படித்தாள். 'சும்மா விட்டால் தாமே திருத்திக்கொள்கிறார்கள்' என்று தன் அறிக்கையில் எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

அபயாம்பாள் அந்தக் கோடு போட்ட வரியைத்தான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. வர வருஷம் நாற்பது நோட்டும் நீலமாவே இருக்கட்டும். சர்வகலாசாலையிலேர்ந்து ரெண்டு பேரைக் கூப்பிடறேன். அவா கண் முன்னாடி இதே மாதிரி நடந்தா உன் வேலை நிரந்தரம். நடக்கலைன்னா என்னாலே ஒண்ணும் பண்ண முடியாது."

நடக்கவில்லையென்றால் மாம்பலம் ஆரம்பப் பள்ளிக்கூடம். ஏழு வருஷம் அங்கே அனா ஆவன்னா எழுதிப் போட்டு வந்தவள் அவள். திரும்பிப் போக அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை. அதனால், எல்லாம் ஒழுங்காக நடக்க ஒரு உதவி வேண்டும் என்று கேட்டாள். பாஷா நல்ல மனிதர்தான். ஆனால் இருபது நோட்டைக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆக்குகிறார். ஹமீதுன்னிசா வீட்டு ஜட்காக்காரன் தினமும் முணுமுணுக்கிறான். நாற்பது நோட்டு என்றால் பொழுதே சாய்ந்துவிடும்.

அபயாம்பாள் அங்கேயே உத்தரவு எழுதினார். ஜூன் முதல் பாஷாவுக்கு அடையாறு ஹாஸ்டலில் வாசல் காவல். அவர் இடத்துக்கு மெட்ரிகுலேஷன் தேறிய ஸ்ரீரங்கன்.

கோடை விடுமுறைக்கு முந்தின நாள் பாஷா ஆசிரியைகள் அறை வாசலில் வந்து நின்றார். சலாம் வைத்தார். அடையாறில் காற்று நன்றாக வருமாம், தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். ஆனாலும் நகரவில்லை. உத்தரவை மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறார் என்று தேவானை பதிலைத் தயார் செய்துகொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. கோச்சிக்கக் கூடாது" என்றார் பாஷா. "அந்த நீல அட்ட நோட்டுல செவப்பு மையே இருக்காது. உங்களுக்கு நேரம் பத்தல போல, பாவம் அந்தப் பொண்ணுங்கன்னு நெனச்சேன். எனக்கு எழுத்துத் தெரியாது. காது நல்லா கேக்கும். அதான், நீ எழுதினத நீயே படிம்மான்னு ஒவ்வொண்ணா நிக்க வச்சிக் கேட்டுக்கினு இருந்தேன். நீங்கதான் கேக்கச் சொன்னீங்கன்னு அதுங்க நெனச்சிக்கிச்சிங்க."

தேவானை பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஹமீதுன்னிசா பாப்பா, வானம் பட்டு கட்டிக்கிச்சின்னு இன்னாவோ படிச்சிச்சி. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மழ வந்தா உங்கூட்ல இன்னாம்மா செய்வீங்கன்னேன். அங்கியே குந்திக்கினு அடிச்சிட்டு எழுதிச்சி. எனக்குப் புரியறாப்பல எழுதினாத்தான் வண்டி ஏற உடுவேன்."

"இதை இப்போ எதுக்குச் சொல்றீங்க, பாஷா?" என்று கேட்டாள்.

"புதுசா வர்ற ஸ்ரீரங்கன் சாமி கையில சொல்லி வைங்கம்மா, அதுங்க படிச்சா அவரும் நின்னு கேக்கட்டும்." பாஷா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தயங்கினார். "ஆனா அவரு மெட்ரிக் பாசாமே. எல்லாமே புரிஞ்சிடுமேன்னுதான் கவலையா கீது."