நாலு மணி அழைப்பு

ராயப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் கரீமுல்லாவுக்கு அன்று எரிச்சல். ஜவுளிக்கடை சுந்தரவல்லியின் ஹாம் ரேடியோவில், மோர்ஸ் தந்தி ஒலியின் சுருதியை எழுநூறு ஹெர்ட்ஸில் கச்சிதமாக வைத்திருந்தார்.

"இருநூறுக்கு இறக்குங்க பாய்" என்றாள் அவள்.

"அது வெறும் உறுமல்மா. காதுக்கு ஒண்ணும் வெளங்காது."

"பரவால்ல. நாலு மணிக்கு அண்ணன் கப்பல்லேர்ந்து கூப்பிடுவான்."

குனிந்து திருகியபடியே, "அப்பால சரியா கேக்கலன்னு என் பேரைக் கெடுக்காதம்மா" என்றார்.

பதில் இல்லை. இன்னா திமிரு என்று நிமிர்ந்தார். "நான் சொன்னது கேட்டுச்சா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சிரித்தாள்.

நாலு மணிக்கு ஸ்பீக்கர் உறுமியது. கரீமுல்லாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. சுந்தரவல்லி ஸ்பீக்கர்மேல் விரல்களை வைத்தாள். முகம் மலர்ந்தது.

"சாப்டியான்னு கேக்குறான் பாய்!"

"எப்டிம்மா?"

"ஜுரத்துல காது போய் ஆறு வருஷமாச்சு. எதிர்ல இருக்கறவங்க பேச்சு உதட்டைப் பார்த்தாப் புரிஞ்சிடும். கடல்ல இருக்கற அண்ணன் பேச்சை விரல்லதான் கேக்கணும். எழுநூறுல அதிர்வு விரலுக்கு எட்டாது."

கரீமுல்லா திருப்புளியை எடுத்தார். அவள் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னார்:

"கையை எடுக்காதம்மா. இன்னும் கொஞ்சம் தெளிவா வெச்சித் தரேன்."