சத்தமில்லாத கேமரா

"பறவை படம் எடுக்கக் கத்துக்க ஆரம்பிச்சு மூணு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள ரெண்டாவது கேமராவா? பழசுக்கு என்ன கேடு?" என்றாள் மனைவி.

"'க்ளிக்'னு கத்துதுடி. ஜன்னலுக்கு வர்ற மைனா பயந்து பறந்துடுது. அதான் கடையில பழசைக் குடுத்துட்டு, சத்தமே வராத இதை வாங்கிட்டேன். காலையில பாரு!"

விடிந்தும் விடியாத பொழுது. மூடுபனி அறைக்குள் மிதந்து வந்தது. கனவா நனவா என்று அவன் புரள்கையில் கேட்டது, "க்ளிக்!"

"அடியே, புதுக் கேமராவை நோண்டாதே! ஐயோ, இதுவும் கத்துதே. கடைக்காரன் காதுல பூ சுத்திட்டானே!"

"நான் இங்கதானே படுத்திருக்கேன்?" பக்கத்தில் கொட்டாவி விட்டாள். "பேட்டரிகூட இன்னும் சார்ஜர்லதான் இருக்கு."

மறுபடியும் "க்ளிக்!"

இருவரும் எழுந்து பார்த்தார்கள். ஜன்னல் கம்பியில் மைனா. தலையைச் சாய்த்து அறை முழுக்கத் தேடிவிட்டு, கடைக்குப் போன பழைய கேமராவை அதன் 'க்ளிக்' பாஷையிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.