பூனைக்கு ஒரு சர்டிஃபிகேட்

"இந்தப் பூனைக்குக் கொரோனா தொற்று இருக்குன்னு ஒரு சர்டிஃபிகேட் வேணும் டாக்டர்."

கூடையை மேசைமேல் வைக்கும்போதே சொல்லிவிட்டார் வந்தவர். முகத்தில் இரண்டு மாஸ்க். கையில் கையுறை.

கால்நடை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். இந்த வாரத்தில் இது ஏழாவது பூனை.

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"டெஸ்ட்டெல்லாம் வேண்டாம். எழுதிக் குடுத்தா போதும். தேதி மட்டும் போன மாசம் மூணுன்னு போட்டுடுங்க."

டாக்டரம்மாவுக்குச் சுரீரென்றது.

"இங்க பாருங்க. பூனைக்கு வந்தா அது பெரும்பாலும் நம்மகிட்டேயிருந்து போறதுதான். அதுகிட்டேயிருந்து நமக்கு வர்றது ரொம்ப அபூர்வம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. கொஞ்சறதுக்கு நீங்க, துரத்தறதுக்கு என் கையெழுத்தா?"

"துரத்தலை டாக்டர். என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"நோய் இருக்குன்னு எழுதி வாங்கிட்டு, வீட்டுக்கா? நல்லா இருக்கே!"

வந்தவர் கூடையின் மூடியைத் திறந்தார். பூனை தலையை நீட்டி அவர் விரலில் முகத்தை உரசியது.

"அம்மா வளர்த்தது. அம்மா போய் மூணு வாரம் ஆச்சு."

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"போன மாசம் அஞ்சாம் தேதி, ஒரு பாக்கெட் சிகரெட்டுக்காக அப்பா வெளியே போனார். அவருக்குத்தான் முதல்ல காய்ச்சல். அவர் எழுந்துட்டார். அம்மா எழுந்திருக்கலை. 'நான்தான் கொண்டாந்து குடுத்துட்டேன்'னு சாப்பாட்டுத் தட்டைத் தொட மாட்டேங்கிறார்."

"அதுக்கு?"

"பூனையாலதான்னு சொல்லிப் பார்த்தேன். நம்பலை. முப்பது வருஷம் ஹெட்கிளார்க்கா இருந்த மனுஷன். கையெழுத்தும் சீலும் இல்லாம எதையும் நம்ப மாட்டார். தேதியைக்கூட சரி பார்ப்பார்."

"அதுக்காக வாயில்லா ஜீவன்மேல பழியைப் போடணுமா?"

அவர் பூனையின் காதை மெல்லத் தடவினார்.

"பழி போட்டா அதுக்குப் புரியாது டாக்டர். அப்பாவுக்குத்தான் புரியுது."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேசை இழுப்பறையைத் திறந்து சீலை வெளியே எடுத்தார்.

"எத்தனாம் தேதின்னு சொன்னீங்க?"