எத்தனை கிளாஸ்?

"எவ்ளோ குடிச்சே? உள்ளதைச் சொல்லு."

தலைவர் ஜம்புலிங்கம் கேட்டதும் வலை பின்னும் கூடத்தில் சலசலப்பு அடங்கியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த அந்தக் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து அங்கேதான் கூடும். நடுவில் கை கட்டி நின்றான் பார்த்திபன்.

"ஒரே ஒரு கிளாஸ், தலைவரே. அதுவும் வைன்."

"எந்த வைன்?"

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு கேளம்பாக்கம் மாப்ள வூட்டுக்காரங்க பொட்டி பொட்டியா எறக்கினாங்களே, அதான். புளிச்ச திராட்சைத் தண்ணியாட்டம் இருந்துச்சு. ஒரு கிளாசுக்கு மேல தொண்டையில எறங்கல."

கூட்டம் சிரித்தது. ஜம்புலிங்கத்தின் முகம் கறுத்தது. சம்பந்தி மலிவுச் சரக்கை இறக்கிவிட்டார் என்று ஊரே பேசிக்கொள்வது அவர் காதுக்கும் வந்திருந்தது.

"சிரிக்காதீங்க! நேத்து வரவேற்புல மைக்கைப் புடுங்கி, ஒறவுக்காரங்க முன்னால என்னை அசிங்கப்படுத்திட்டான். அவன் பேசினதை இங்க திருப்பிச் சொல்ல வாணாம். தப்புன்னு முடிவாச்சுன்னா, இவன் படகு கடல்ல எறங்கக் கூடாது."

பார்த்திபன் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். இறால் ஓடுகிற நேரம். இப்போது படகு கரையில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

"ஒரு கிளாஸ் குடிச்சவன் அப்டிப் பேசுவானா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு" என்றார் பஞ்சாயத்து உறுப்பினர் எல்லப்பன்.

"சத்தியமா ஒண்ணுதான், அண்ணாத்த."

"வைன்லாம் கணக்குலயே வராதுப்பா. அது பழம்" என்றார் இன்னொரு உறுப்பினர் தாமோதரன். "நான் தெனம் ஒரு குவார்ட்டர் போடறேன். எவனையாச்சும் ஒரு வார்த்த பேசிக்கீறனா? அளவு தெரிஞ்சு குடிக்கறவன் நானு."

"நீயா? திருவிழால தேர் வடத்தைக் கட்டிப் புடிச்சுகினு அழுதியே?" என்று மடக்கினார் எல்லப்பன்.

"அது பக்தி!"

"அளவுன்னா எவ்ளோன்னு மொதல்ல முடிவு பண்ணுங்கய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

முடிவு பண்ணப் பார்த்தார்கள். குவார்ட்டருக்கு மேல் ஒரு மூடி போனாலும் தப்பில்லை என்றார் தாமோதரன். ஆஃப் வரைக்கும் போகலாம் என்றார் எல்லப்பன். தன் வீட்டு வாசல் அடையாளம் தெரிகிறவரை எல்லாமே அளவுதான் என்றார் மற்றொருவர். ஒவ்வொருவர் சொன்ன அளவும் அவரவர் வழக்கமாகக் குடிப்பதற்கு ஒரு விரற்கடை மேலேயே இருந்தது.

பொறுமை இழந்த ஜம்புலிங்கம், மைக் செட்டுக்காரன் அரசுவைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லுடா. தள்ளாடுனானா, இல்லியா?"

"இல்ல தலைவரே, நேராத்தான் நின்னாரு. பேசி முடிச்சிட்டு மைக்கை ஆஃப் பண்ணி, ஒயரை அழகா சுத்தி என் கையில குடுத்துட்டுப் போனாரு."

"குடிகாரன்தான்டா ஒயரைச் சுத்துவான்!"

பார்த்திபனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அதைத்தான் தலைவரே நானும் சொல்றேன். நான் நிதானமாத்தான்..."

"பொய் சொல்றாரு!"

எல்லாரும் திரும்பினார்கள். தூணோரம் நின்ற அவன் மனைவி பூங்கொடி முன்னால் வந்தாள். பஞ்சாயத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. ஆனாலும் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"ஒரு கிளாஸ் இல்லீங்க, ரெண்டு பாட்டிலு. என் கண்ணால பாத்தேன். வூட்டுக்கு வந்து தென்னமரத்தை மாமான்னு கூப்ட்டு நலம் விசாரிச்சாரு."

"அடிப்பாவி! இன்னாடி சொல்றே? படகு போயிடும்டி!"

"கம்முனு இருய்யா. குடிச்சா குடிச்சேன்னு ஒத்துக்கோ."

ஜம்புலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வேற எதுனா கலந்து குடிச்சானாம்மா?"

"பீரு ஊத்திக்கினாரு."

"கேட்டியா எல்லப்பா? வைனுல பீரு!"

"தாங்குமா ஒடம்பு?" என்று பரிதாபப்பட்டார் எல்லப்பன்.

கட்டிய மனைவியே காலை வாருகிறாளே என்று பார்த்திபனுக்கு ஆத்திரம். வாயைத் திறக்கப் போனான். அவள் முறைத்த முறையில் வார்த்தை மாறிப்போனது.

"ஆமாங்க... ரெண்டு பாட்டில்தான்."

உறுப்பினர்கள் குனிந்து கிசுகிசுத்தார்கள். எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. ஜம்புலிங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். காலையிலிருந்து இல்லாத தெளிவு அவர் முகத்தில் வந்திருந்தது.

"பார்த்திபன் அளவுக்கு மேல குடிச்சது ருசுவாயிடுச்சு. சுயநெனவு இல்லாதவன் பேசினது பேச்சே இல்ல; அதனால நாளைக்கே அவன் கடலுக்குப் போவலாம். குஞ்சு மீனைக்கூட வுடாம வாரற, நம்ம பஞ்சாயத்தே தடை பண்ண சுருக்குமடி வலை என் கொட்டாயிலயே கீதுன்னு அவன் மைக்குல சொன்னதும் செல்லாது. அதனால யாரும் வந்து என் கொட்டாயைத் தொறந்து பாக்க வேண்டியதில்ல!"