மூச்சுப் பரீட்சை

"அண்ணே, இப்ப உங்க மூச்ச எண்ணப் போறேன்."

அன்னம்மா இப்படிச் சொன்னதும் சிஸ்டர் பிரிஜிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சை நாளும் அதுவுமாக இந்தப் பெண்ணுக்குப் புத்தி எங்கே போயிற்று?

நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல்தான் மூச்சை எண்ண வேண்டும். தெரிந்துவிட்டால் யாருக்கும் மூச்சு தடுமாறும். நர்ஸ் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு முதல் பாடமே அதுதான். இதில் கோட்டை விட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்னம்மா அதோடும் விடவில்லை.

"மூச்சு சரியா இருந்தா சார்ஜண்ட் உங்கள கையோட ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாராம்ணே."

கட்டிலில் கிடந்த மருதமுத்துவுக்கு முகம் வெளுத்தது. ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவன். நெஞ்சுச் சளிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவனை, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தான் என்று யாரோ போலீசில் மாட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நேரம். விசாரணைக்குப் போனவன் எப்போது திரும்புவான் என்று சொல்வதற்கில்லை. மூச்சு சீரானால் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சார்ஜண்ட் கட்டிலை விட்டு நகராமல் நின்றார்.

மருதமுத்துவின் நெஞ்சு துருத்தி மாதிரி அடித்துக்கொண்டது. சார்ஜண்டே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாளைக் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுச் சலிப்போடு கிளம்பினார்.

சிஸ்டர் அன்னம்மாவை வராந்தாவுக்கு இழுத்து வந்தார்.

"நீ பெயிலு. இதுகூடத் தெரியாம நர்ஸாகி என்னத்தக் கிழிக்கப் போற?"

"தெரியும் சிஸ்டர். அவரு தூங்குறப்பவே எண்ணிட்டேன். மூச்சு நல்லாத்தான் இருந்திச்சி."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"அரிசி குடுத்ததாச் சொல்ற அன்னிக்கு அவரு பூரா நேரமும் தொரை பங்களாவுல வேல செஞ்சாராம். தொரை சிங்கப்பூர் போயிருக்காரு. நாளைக்குச் சாயங்காலம் வந்ததும் சாட்சி சொல்லிருவாருன்னு அண்ணன் சம்சாரம் சொல்லி அழுதிச்சி."

சிஸ்டர் தலைத்துணியைச் சரிசெய்தார்.

"பெயிலு பெயிலுதான். நாளைக்குக் காலையில சார்ஜண்ட் வந்ததும் மறு பரீட்சை, அதே கட்டில்ல. இன்னிக்குச் செஞ்ச தப்ப மாத்திராத."