கொக்கு விழாத துப்பாக்கி

"அண்ணே, இந்தத் துப்பாக்கியைச் சரி பண்ணிக் குடுங்க. இல்லாட்டி எங்க வீட்டுக்காரவுகளைச் சரி பண்ணிக் குடுங்க."

கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த நாகஜோதி, மஞ்சப்பையைக் கவிழ்த்து அதை மேசையில் கொட்டினாள். ஆரஞ்சுக் கலர் பிளாஸ்டிக் துப்பாக்கி. வால் மாதிரி ஒரு வயர்.

டிவி ரிப்பேர் கடை ராமநாதனுக்கு அதைப் பார்த்ததுமே தலை வலித்தது.

டிவியில் பறக்கிற கொக்கைச் சுடுகிற விளையாட்டு அது. டப்பா டிவி காலத்தில் வந்தது. நேராகக் குறி வைத்தால் கொக்கு விழாது. மோட்டுவளையைப் பார்த்துச் சுட்டால் ரெண்டு விழும். தப்பினால் திரையில் ஒரு குரங்கு வந்து கை தட்டும். அப்போது காரைக்குடியில் இதை வாங்கின வீடெல்லாம் இவர் கடை வாசலில் வந்து நின்றுதான் திட்டிவிட்டுப் போனது.

"இது இன்னுமா உசுரோட இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான், அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். புருஷன் முத்துராமன் பழைய சாமான் கடையில் இதையும் ஒரு டப்பா டிவியையும் வாங்கி வந்து நடுவீட்டில் வைத்திருக்கிறாராம். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் அண்ணன் பாண்டியராஜனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரெண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுடுகிறார்களாம்.

அதுகூடப் பரவாயில்லை. அண்ணன் லாரி ஓட்டின மனுசன். ஆடியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு. டம்ளரைப் பிடிக்கவே தெம்பில்லை. இந்தத் துப்பாக்கி விசையோ துருப்பிடித்து, நல்ல கைக்கே மல்லுக்கட்டினால்தான் அமுங்கும். தினமும் தோற்று, தினமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார். மறுநாள் ஜெயிக்கிறேன் பார் என்று திரும்ப வருகிறார்.

"பாவம், இடது கையில எடுத்தா இவுக விடுறாகளா? 'சாப்புடுற கையால சுடு மச்சான், இல்லாட்டித் தோத்தேன்னு சொல்லிட்டுப் போ'ங்கிறாக. நோயாளிகிட்ட பேசுற பேச்சாண்ணே இது?"

ராமநாதன் உச்சுக்கொட்டினார்.

தையில் அவள் மகள் சினேகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் பெண் நெற்றியில் பட்டம் கட்டி, பின்னால் முடிச்சுப் போட வேண்டும். தன் கையால் ஆகாது, பெரியப்பா மகனைக் கட்டச் சொல் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் நாகஜோதியின் குரல் இறங்கியது.

"கூடப் பெறந்தவன் உக்காந்திருக்கையில வேற ஆளு கட்டுனா எப்படிண்ணே? அதை நெனைச்சு நான் வெந்துக்கிட்டிருக்கேன். இவுக கொக்குச் சுடுறாக. எங்க அண்ணன் ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணும். அப்படிப் பண்ணிக் குடுங்க."

ராமநாதனுக்கு மனசு இளகிவிட்டது. துருப்பிடித்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, பேனா ஸ்பிரிங் ஒன்றை வைத்தார். குழல் முனையில் இருந்த கண்ணாடியைத் துடைத்தார். கடையில் கிடந்த பழைய டிவியில் மாட்டிப் பார்த்தார். விரல் பட்டாலே விசை அமுங்கியது. கொக்கெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தது. குரங்கு எட்டியே பார்க்கவில்லை. இந்தச் சனியன் ஒழுங்காக வேலை செய்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் முத்துராமனே வந்து நின்றார். துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"இதைச் சரி பண்ணச் சொல்லி உங்களை யாருண்ணே கேட்டா?"

இத்தனை வருசத் தொழிலில் ராமநாதனை யாரும் கேட்காத கேள்வி.

முத்துராமன் படபடவென்று பொரிந்தார். மச்சான் உட்கார்ந்த இடத்திலேயே அத்தனை கொக்கையும் தொட்டுத் தொட்டு விழுத்தாட்டிவிட்டு, சப்புன்னு இருக்கு மாப்ளே என்று எழுந்து போனவர்தானாம். அப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லையாம். பழைய ஸ்பிரிங்கையே போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

அது குப்பையோடு போய்விட்டது என்றார் ராமநாதன்.

"அப்ப அதைவிட இறுக்கமா ஒண்ணு போடுங்க."

ராமநாதனுக்குப் பொறுமை போய்விட்டது.

"கொக்கு விழுகலைன்னு சண்டைக்கு வந்தவுகளைப் பாத்திருக்கேன். விழுகுதுன்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீகதான். சொல்றேன்னு கோவிச்சுக்கிராதீக. கை விழுந்த மனுசனை அந்தக் கையாலதான் சுடணும்னு சட்டம் போட்டு ஜெயிக்கிறீகளாமே, இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

முத்துராமன் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜோதி சொன்னாளாக்கும். அவகிட்ட நான் சொல்ல முடியாதுண்ணே. காலையில சொன்னா மத்தியானத்துக்குள்ள அண்ணன்காரன் காதுக்குப் போயிரும். தெரிஞ்சா அந்த ரோசக்காரன் அப்புறம் துப்பாக்கியைத் தொடவே மாட்டான்."

"என்ன தெரிஞ்சா?"

"கையை அமுக்கி அமுக்கிப் பழகுனாத்தான் தெம்பு வரும்னு டாக்டர் ஒரு ரப்பர் பந்து குடுத்தாருண்ணே. நான் என்ன பச்சப்புள்ளையான்னு கம்மாய்க்குள்ள எறிஞ்சுட்டான். ஆனா என்கிட்டத் தோத்தா மட்டும் அவனுக்குச் சோறு எறங்காது. அந்த வீம்புல விசையை அமுக்குறான் பாருங்க, வேர்த்து ஊத்தும். போன வாரம் சட்டைப் பித்தானை அவனே போட்டுக்கிட்டான்."

துப்பாக்கியை ராமநாதன் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"நல்லா இறுக்கமாவே போடுங்கண்ணே. எம் மகளுக்குப் பட்டம் அவன் கையாலதான் கட்டணும்."