அக்கரைக்குப் போகும் குரல்

லாரிகள் வரும் என்று காலையில் தளபதி சொன்னதை நம்பித்தானே நானும் அக்கரைக்குச் சொன்னேன் என்று அவள் மனதுக்குள் குமைகிறாள். வயர்லெஸ் பெட்டிமேல் மத்தியான வெயில் சாய்ந்து கிடக்கிறது. அக்கரைப் படைக்குத் துணையாகப் போகவேண்டிய லாரிகள் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகத் திரும்பி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் போகின்றன. புழுதி உள்ளே வந்து, கழற்றிச் சுருட்டிய வரைபடங்களின்மேல் படிகிறது. எதிரி ஒருமுறை பொய் உத்தரவு அனுப்பியதிலிருந்து அக்கரைக்காரர்கள் அவள் குரலைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. "அக்கா, லாரி கிளம்பிடுச்சா?" என்று அக்கரையிலிருந்து ஒரு சிப்பாய் ஹெட்போனில் கேட்கிறான். "லேட்டானா உங்க சமையல்காரர் சுட்ட ரொட்டியையாவது அனுப்புங்க. அதை எறிஞ்சே அவனுங்களை விரட்டிடுறோம்." அவனுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்கிறது. தளபதி அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். சற்றுமுன் சவரம் செய்த சோப்பு வாசனை. "வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லும்மா. பொழுது சாயுறவரைக்கும் அவங்க தாங்கினாத்தான் நாம தப்பிக்க முடியும்." "அப்ப அவங்க, சார்?" அவர் லாரிகளைப் பார்க்கிறார். "நீ சொன்னாத்தாம்மா நம்புவாங்க." "அதனாலதான் சார், நான் சொல்லமாட்டேன்" என்று அவள் மெல்லச் சொல்லி, மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.